கேட்காம மாத்தலாமா?

கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர். விவாகரத்தாகி மூணு வருசமாச்சு. மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை பொண்ணைப் பார்த்துக்கலாம்னு கோர்ட் உத்தரவு. போன மாசம் பொம்மையோட போய் நின்னவருக்கு வாசல்லயே பதில்: "ஆர்டர் மாறிடுச்சே, தெரியாதா?" நோட்டீஸ் அவர் காலி பண்ணின பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கு. ஆள் வரலைன்னு எக்ஸ்பார்ட்டி ஆர்டர் போட்டாச்சு.

உத்தரவு மாறுறதுல தப்பில்லை. குழந்தை வளருது, சூழ்நிலை மாறுது. குழந்தை யார் பொறுப்பில் என்ற உத்தரவு இறுதியானதல்ல என்று ரோசி ஜேக்கப் வழக்கில் (சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான்) 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவும் தீர்ப்புக்குப் பிறகு மாற்ற வழி தருகிறது. ஆனா மாத்தலாம்ங்கிறது வேற, கேட்காம மாத்தலாம்ங்கிறது வேற.

'குழந்தை நலன்தான் முக்கியம், அப்பா அம்மா உரிமை அப்புறம்' என்பார்கள். சரி, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டா அந்த நலன் எதுன்னு நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் எதிர் மான்ஸோ என்று ஒரு வழக்கு, 1965. தத்து விவகாரம். பெற்ற அப்பாவுக்குத் தகவலே சொல்லாமல் முன்னாள் மனைவியின் புதுக் கணவருக்குக் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்தான். அது போதாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். முதல்லயே கேட்டிருந்தா எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டியதை, முடிஞ்ச பிறகு இவர் தலையில கட்டினா எப்படி நியாயம்?

குழந்தைக்கு அடி, ஆபத்துன்னா உடனே தடுக்கணும், மறுபேச்சே இல்லை. ஆனா அந்த இடைக்கால உத்தரவுக்கு ஒரு கெடு வேணும். சில நாளுக்குள்ள ரெண்டு பேரையும் கேட்கணும். குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984), சாட்சியச் சட்டப்படி ஏற்க முடியாத அறிக்கையைக்கூட ஏற்க அனுமதிக்கிறது. வக்கீல் வைப்பதும் அங்கே உரிமை அல்ல. அப்போ அறிக்கையைக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டியது இன்னும் அவசியம். தனியா வந்து நிக்கிற அம்மாவுக்கும் இதேதான்.

நம்ம வேலையில சர்வர்ல ஒரு சின்ன மாற்றம் செய்யணும்னாலும் பாதிக்கப்படுற டீமுக்கு முன்னாடியே மெயில் போகணும். ஒரு அப்பாவுக்கு அதைவிடக் குறைச்சலா?

நண்பர் திரும்ப மனு போட்டிருக்கார். பொம்மை இன்னும் அவர் மேசை மேலதான் இருக்கு.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வெறும் பொட்டி தட்டுறவன்.