கந்தையும் ஒரு கணக்கேடு

ஒரு குடும்பத்தின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் பத்திரக் கட்டைத்தான் எடுத்து வைப்போம். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, பழைய கணக்குப் புத்தகம், மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ் ஆகியவை அதில் இருக்கும். யார் எந்த நிலத்தை யாருக்கு விற்றார், யார் யாருக்கு வாரிசு என்பனவற்றை இவற்றிலிருந்து அறியலாம். ஆனால் அந்த வீட்டில் அறுபது ஆண்டுகள் உழைத்து மறைந்த ஒரு பெண்மணியின் கைத்திறன் எத்தகையது, எதை அவர் அழகென்று கருதினார், யாருக்காக இரவில் விளக்கடியில் கண்விழித்தார் என்பதை இவற்றில் காண இயலாது. அந்தச் செய்தி டிரங்குப் பெட்டியின் அடியில், நைந்துபோன ஒரு போர்வையாகவோ பூத்தையல் போட்ட ஒரு தலையணை உறையாகவோ மடிந்து கிடக்கும்.

அத்துணியையும் குடும்ப ஆவணமாகக் கருதிப் பதிவு செய்து காக்க வேண்டும். அதன் கதையைச் சொல்லக்கூடியவர் நம்முடன் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒட்டுத்துணிப் போர்வை தைத்தல், பழங்காலப் பூத்தையல்களைப் பயிலுதல், குடும்ப வரலாற்றைத் தேடுதல் ஆகிய மூன்றும் இன்று தனித்தனிப் பொழுதுபோக்குகளாக எண்ணப்படுகின்றன. வணிகவியல் பயின்ற என் கண்ணுக்கு அவை ஒரே கணக்கின் மூன்று பகுதிகளாகவே தோன்றுகின்றன. போர்வை சொத்து. தையல் முறை, அது எந்த வட்டாரத்தில் எவ்வகைக் கைகளால் உருவானது என்பதைக் காட்டும் சான்றுச்சீட்டு. குடும்ப வரலாறு அவ்விரண்டையும் இணைக்கும் பேரேட்டுப் பதிவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு முழுமை பெறாது.

ஏடுகளில் இடம்பெறாதவர்கள்

குடும்ப வரலாற்றை எழுதிவைக்கும் மரபு நம் நாட்டுக்குப் புதியதன்று. ஹரித்வாரின் தீர்த்தப் புரோகிதர்கள் ‘பஹி’ எனப்படும் நீண்ட ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். யாத்திரை வரும் குடும்பத்தார் தம் வீட்டில் நிகழ்ந்த பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அவற்றில் எழுதச் செய்வர். பூர்விக ஊரின் பெயரைச் சொன்னால் முன்னோரின் பதிவைப் புரோகிதர் தேடி எடுத்துவிடுவார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வம்சாவளிச் சங்கம் இந்த ஏடுகளை நுண்படச் சுருள்களில் பதிவு செய்திருக்கிறது. பீகாரின் மிதிலைப் பகுதியில் 14ஆம் நூற்றாண்டு முதல் ‘பஞ்ஜி’ என்னும் வம்சாவளி ஏடுகள் பேணப்பட்டு வருகின்றன. திருமணம் உறுதி செய்யும் முன் இரு குடும்பங்களுக்கும் நெருங்கிய இரத்த உறவு உண்டா என்று அவற்றைப் பார்த்துச் சொல்வது அங்கே வழக்கம்.

இவை போற்றத்தக்க ஆவணங்கள். ஆயினும் இவற்றின் முதுகெலும்பு தந்தைவழியே. பெண்கள் மகளாகவும் மனைவியாகவும் வந்து போகின்றனர். அவர்களுடைய உழைப்பை எழுதுவதற்கு இவ்வேடுகளில் பத்தி ஒதுக்கப்படவில்லை. அந்தப் பத்தியைப் பெண்கள் துணியில் தாமே வகுத்துக்கொண்டனர் என்பதற்கு வங்காளம் நல்ல சான்று.

வங்கத்துக் காந்தா

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. தமிழின் ‘கந்தை’யும் வங்காளத்தின் ‘காந்தா’வும் ஒரே வடசொல்லோடு உறவுடையவை. நாம் கந்தல் என்று கழித்துவிடும் துணியை வங்கப் பெண்கள் கலைப்பொருளாக்கினர். உடுத்தி நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்காக விரித்து, ஊசியை மேலும் கீழுமாக ஓடவிடும் ஓட்டத்தையலால் அவற்றை ஒன்றாக இணைப்பர். தைக்கும் வண்ண நூலைப் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வர். நடுவில் தாமரை, மூலைகளில் மாங்காய் வடிவம் அல்லது மரம், இடையே யானை, தேர், பல்லக்கு, படகு என அவர்கள் கண்ட உலகம் அதில் விரியும். நெருங்கிய தையலால் துணியின் மேற்பரப்பு சிற்றலை ஓடும் நீர்போல் சுருங்கியிருக்கும். விலை கொடுத்து வாங்கும் பொருள் ஊசி மட்டுமே.

குளிருக்குப் போர்த்தும் ‘லேப்’, நூல்களைச் சுற்றிவைக்கும் ‘பைத்தன்’, கண்ணாடியும் சீப்பும் பொதியும் ‘ஆர்ஷிலதா’ எனப் பயனுக்கேற்பக் காந்தாவுக்குப் பெயர்கள் உண்டு. சதுரத் துணியின் மூன்று மூலைகளை உள்நோக்கி மடித்து, கடித உறைபோல் தைத்த பணப்பைக்குத் ‘துர்ஜனி’ என்று பெயர். வங்கிக் கிளை காணாத காலத்தில் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் ரொக்கம் இருந்த இடம் அது.

கொல்கத்தாவின் தென்கோடியான ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் உள்ளது. இந்திய ஆட்சிப் பணியின் முன்னோடியான ஐ.சி.எஸ். பணியில் இருந்த குருசதய் தத் (1882–1941) வங்காள மாவட்டங்களில் பணியாற்றியபோது திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களே அதன் அடித்தளம். பணிமாற்றத்தை அலைச்சல் என்று மட்டுமே எண்ணும் அலுவலர்கள் அவரை நினைவிற்கொள்ளலாம். அங்குள்ள காந்தாக்களுள் புகழ் வாய்ந்தது, 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்தது. தம் பெயரையும், யாருக்காகத் தைத்தார் என்பதையும் அவர் ஊசியால் எழுதிவைத்தார். அதனால்தான் இன்றும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிகிறது. அதே நூற்றாண்டில் அதே திறத்தோடு தைத்த எண்ணற்ற பெண்களின் படைப்புகளுக்குக் கீழே ‘தைத்தவர் பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்பே கிடைக்கிறது. சில எழுத்துகள் ஏற்படுத்திய வேறுபாடு இது.

ஒரு பெட்டியும் ஒரு மேலாடையும்

பஞ்சாபின் புல்காரியும் இத்தகைய குடும்பச் சொத்தே. கையால் நெய்த பருத்தித் துணியின் பின்புறமிருந்து இழைகளை எண்ணி, முறுக்கேறாத பட்டு நூலால் தைப்பது அதன் முறை. அடித்துணியே தெரியாதவாறு முழுவதும் தைத்தால் அது ‘பாக்’, அதாவது தோட்டம். பேரன் பிறந்ததும் பாட்டி ஒரு பாக்கைத் தைக்கத் தொடங்கி, அவன் திருமணத்தில் மணமகளுக்கு அதைப் போர்த்தும் வழக்கம் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அது இருபது ஆண்டுக்கால வைப்பு. அன்றாடம் சில மணி நேர உழைப்பே அதன் தவணை.

1947 பிரிவினையின்போது இலட்சக்கணக்கான குடும்பங்கள் கைக்கு அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லை கடந்தன. அமிர்தசரஸ் பிரிவினை அருங்காட்சியகத்தில் ஒரு தோல் கைப்பெட்டியும் ஒரு புல்காரி மேலாடையும் வைக்கப்பட்டுள்ளன. திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த இருவர், பிரிவினைக் கலவரத்தில் தனித்தனியே தப்பி வந்து, அமிர்தசரஸ் அகதிகள் முகாமில் ஒருவரையொருவர் மீண்டும் கண்டனர்; 1948இல் மணம் புரிந்துகொண்டனர். பெட்டி அவருடையது, மேலாடை அவளுடையது. கதையைச் சொல்லிவைத்த குடும்பத்தார் இருந்ததால்தான் அந்த மேலாடை வரலாறாயிற்று. சொல்ல ஆளில்லாதிருந்தால் அது பழந்துணிக் கடையின் மூட்டையில் ஒன்றாகியிருக்கும்.

எழுத்துப் பதிவு குறைந்த சமூகங்களுக்கு இத்துணிகள் இன்னும் இன்றியமையாதவை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்களின் பெண்கள் பழந்துணிகளை ஒட்டி ‘கவந்த்’ என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் சென்று, மூலைகளில் ‘பூ’ எனப்படும் சிறு மடிப்புத் துணிகளை வைத்து முடிக்கின்றனர். மூலைப் பூ இல்லாத போர்வை ஆடையில்லாதது என்பது அவர்களின் எண்ணம். நம் நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்கத்தின் நக்ஷி காந்தா அதனை 2008இலேயே பெற்றது. மகிழத்தக்க ஏற்பாடு இது. ஆனால் புவிசார் குறியீடு வட்டாரத்தின் பெயரையே காக்கும். பாட்டியின் பெயரைக் காப்பது குடும்பத்தின் கடமை.

இரண்டு மறுப்புரைகள்

குடும்ப வரலாறு தேடுவது குலப்பெருமையில் போய் முடியும் என்று சிலர் கூறுவர். அந்த அச்சம் நியாயமானதே. வம்சாவளிப் பட்டியல் பலருக்கு உயர்வு தாழ்வு பேசும் கருவியாகியிருக்கிறது. ஆனால் கந்தைத் துணியில் பெருமையடிக்க இடமில்லை. பழையதைக் கழித்துவிடாமல் ஒருவர் உழைத்ததையும், அடுத்தவர் குளிரை நினைத்ததையும் மட்டுமே அது சொல்லும்.

பயன்பாட்டுக்கென்று தைத்ததைப் பெட்டியில் பூட்டலாமா என்பது இரண்டாவது கேள்வி. பூட்ட வேண்டுவதில்லை. உறுதியாக உள்ள போர்வையைப் பயன்படுத்துவதே தைத்தவருக்குச் செய்யும் மரியாதை. பயன்படுத்துவதும் பதிவு செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இழை விட்டுப்போனதைத்தான் ஓய்வில் வைக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலில் துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, முன்புறம், பின்புறம், ஓரங்கள் ஆகியவற்றைப் புகைப்படம் எடுக்க வேண்டும். பின்புறமே தையல் முறையைத் தெளிவாகக் காட்டும். அடுத்து, வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்திக்கொண்டு, தைத்தவர் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, யாருக்காக, எவருடைய சேலைகள் என்று கேட்டு எழுத வேண்டும். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்தல் இன்னும் நன்று. உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நல்ல கணக்கர் எவரும் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதமாட்டார்.

துணியின் மேல் மை கொண்டு எழுதலாகாது. சிறு பருத்தித் துண்டில் பெயரையும் ஆண்டையும் நூலால் தைத்து, அதனைப் போர்வையின் ஓரத்தில் தளர்வாக இணைக்கலாம். கஞ்சி போட்டு வைத்தால் பூச்சி வரும். பாலிதீன் உறையில் இட்டால் ஈரம் தங்கும். துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே முறை. ஆண்டுக்கிருமுறை எடுத்து, மடிப்பின் இடத்தை மாற்ற வேண்டும். பழைய மடிப்பிலேயே துணி முதலில் இற்றுப்போகும். துவைப்பதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகைக்கு ஏற்ற வங்கிப் பெட்டகம் துணிக்கு உகந்த இடமன்று. ஆனால் எழுதிய குறிப்பின் நகல் ஒன்றைப் பத்திரக் கட்டோடு சேர்த்து வைக்கலாம்.

இறுதியாக, அடுத்து இதைப் பேணப்போகிறவர் யார் என்பதையும் அக்குறிப்பில் எழுதிவிட வேண்டும். வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிடுமாறு நாங்கள் வாடிக்கையாளர்களைத் திரும்பத் திரும்ப வேண்டுவதன் நோக்கமும் இதுவே.

பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னரும் உரியவர் சான்று காட்டித் தம் வங்கி வழியே அதைத் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேடுவதற்கு 2023 முதல் ‘உத்கம்’ இணையதளமும் உள்ளது. ஆனால் தைத்தவர் பெயரை அறிந்த கடைசி மனிதரும் மறைந்தபின், ஒரு போர்வையின் வரலாற்றைக் கோரிப் பெறுவதற்கு எந்த அலுவலகமும் இல்லை. வரும் விடுமுறை நாளில் பத்திரக் கட்டைச் சரிபார்க்க எடுக்கும்போது, டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.