அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளை நாலைந்து படித்தவருக்கே ஒரு வரி மனப்பாடம் ஆகிவிடும். வண்டியை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டிவந்து மோதியதாக எழுதியிருப்பார்கள். ஊர் மாறும், வண்டி எண் மாறும், இந்த வரி மாறாது. பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வருவார். பிரேக்கை மிதித்துப் பார்த்து, இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று சான்று தருவார். வண்டியின் மேல் குற்றமில்லை என்றால், ஓட்டியவர் மேல்தான் குற்றம். வளைவில் விளக்கு எரியாததையோ, சர்வீஸ் ரோடு திடீரென்று முடிந்துபோவதையோ எழுத அந்தத் தாளில் இடம் இருந்ததில்லை.

அதெல்லாம் தெரிந்த ஆள் வேறு இடத்தில் இருக்கிறார். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலைச் சந்திப்பில் டீக்கடை வைத்திருப்பவர் அவர். பெஞ்சுக்கு அடியில் மடித்த கித்தான் ஒன்று எப்போதும் கிடக்கும், அடிபட்டவரைத் தூக்க. 108-ஐ அழைக்கும்போது கடையின் பெயரைச் சொன்னாலே போதும் என்கிற அளவுக்குப் பழக்கம். “சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மேற்க பாத்து வர்றவனுக்கு வெயில் நேரா மூஞ்சில அடிக்கும் சார். டவுன் பஸ்ஸும் அந்நேரந்தான் மெயின் ரோட்டுலயே நிப்பாட்டுவான். எறங்கி ஓடுற பொம்பளைங்க அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஒரு சாலைப் பொறியாளர் அளவெடுத்துச் சொல்ல வேண்டியதை டீ ஆற்றிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவில் இவருக்கு நாற்காலி கிடையாது.

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு வாரம் என்றிருந்தது. பிறகு அது மாதமாக வளர்ந்துவிட்டது. ரோட்டரி, லயன்ஸ், மருத்துவர் சங்கம், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் வருவார்கள். ஹெல்மெட் அணிந்து பேரணி, கொடியசைப்பு, உறுதிமொழி, ஸ்பான்சர் பெயர் எழுதிய தடுப்புக் கம்பிகள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தத் தடுப்புக் கம்பிகூட ஒரு வளைவில் யாரையாவது காப்பாற்றியிருக்கும். ஆனால், மருத்துவரும் வக்கீலும் வணிகரும் மாணவரும் ஒரே பதாகையைப் பிடித்து நிற்கும்போது அவரவர் தொழிலால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை யாரும் செய்வதில்லை. நம் நாட்டில் சாலைப் பாதுகாப்பில் எது அசைந்திருந்தாலும், அவரவர் கருவியை அவரவர் எடுத்ததால்தான் அசைந்திருக்கிறது.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், இந்திய எலும்பு மருத்துவர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். நொறுங்கிய கால்களை ஆண்டுக்கணக்கில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்த வழக்கில், 2014 ஏப்ரல் 22 அன்று நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பு, மாநிலந்தோறும் சாலைப் பாதுகாப்புக்குத் தலைமை முகமை, தனி நிதி, மாவட்டந்தோறும் குழு என்று பட்டியலிட்டது. இன்று எந்த மாவட்டத்தில் ஆட்சியர் இந்தக் கூட்டத்தை நடத்தினாலும் அதற்குப் பின்னால் இந்த வழக்கின் நெருக்குதல் இருக்கிறது. வழக்கு இன்னும் ஓயவில்லை. அடிபட்டவருக்குப் பொன்னான முதல் மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டத்தை வகுக்கும்படி மத்திய அரசுக்கு 2025 ஜனவரி 8 அன்று உத்தரவு வந்ததும் இதில்தான். மே 5 அன்று திட்டம் அறிவிக்கையானது: ஏழு நாள்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாடு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பரிலேயே தொடங்கி, தனியார் மருத்துவமனைகளையும் அதில் சேர்த்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உறவினரான பள்ளி மாணவரை 2007இல் விபத்தில் பறிகொடுத்த பியூஷ் திவாரி, அடுத்த ஆண்டு டெல்லியில் தொடங்கிய சேவ்லைஃப் அறக்கட்டளையின் கதையும் இந்த வகைதான். அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவிடுவார்கள் என்ற பயத்தை எதிர்த்து அது வழக்குப் போட்டது. 2016 மார்ச் 30இல் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டபலம் வந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே சேர்ந்தது. உதவுகிறவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதை நான் சொன்னபோது டீக்கடைக்காரர் சிரித்தார். “பேரைச் சொல்லாட்டி விட்டுருவாங்களா?” டெல்லியில் வென்றதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு ஆள் செய்ய வேண்டிய வேலை. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் கையிலெடுக்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. உறுதிமொழி வாசிக்கும் நேரத்தில் காவல் நிலைய வாசலிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இந்தப் பிரிவை எழுதி ஒட்டிவிட்டு வரலாம்.

இப்படி ஒருவர் வேலைக்கும் அடுத்தவர் வேலைக்கும் இடையே இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெடுஞ்சாலை மதுக்கடை வழக்கு நல்ல உதாரணம். வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில்தான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஆனால், மூடிய கடைகள் காற்றில் கரைந்துவிடவில்லை. குடியிருப்புகளுக்குள்ளும் வயற்காட்டு ஓரங்களிலும் புதிய இடம் தேடின. 2017 கோடையில் ஊர் ஊராகப் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். சில இடங்களில் தடியடியும் வாங்கினார்கள். நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றமே தளர்வு கொடுத்தது. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கப் போட்ட வழக்கும், குடி தன் தெருவுக்கு வருவதைத் தடுக்க நடந்த போராட்டமும் ஒரே கடையைப் பற்றியவை. இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால், கடையை எங்கே கொண்டுபோவார்கள் என்ற கேள்வி தீர்ப்புக்கு முன்பே எழுந்திருக்கும்.

கணக்கிலும் ஒருவரோடொருவர் பேசாத இதே கோளாறு. தமிழ்நாட்டுச் சாலைகளில் 2016இல் இறந்தவர்கள் 17,218 பேர். 2019இல் இது 10,525ஆகக் குறைந்தது என்று அறிவித்தார்கள், நாடே பாராட்டியது. பிறகு மத்திய அமைச்சகத்தின் அறிக்கையில் அதே 2019க்கான எண் 18 ஆயிரத்துக்கு மேல் எனத் திருத்தப்பட்டது. 2023இல் 18,347 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். விபத்துகளின் எண்ணிக்கையிலோ 67,213உடன் நாமே முதலிடம். பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை என்பதால் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது.

சென்னை ஐஐடி உருவாக்கிக் கொடுத்த ஐராட் என்கிற விபத்துத் தரவுத்தளத்தை இந்த இடத்தில்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விபத்து நடந்த இடத்தில் காவலர் செல்போனில் பதிவு செய்கிறார். வண்டியைப் பார்க்கச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும், சாலையைப் பார்க்கச் சொல்லி நெடுஞ்சாலைப் பொறியாளருக்கும், காயத்தைப் பதியச் சொல்லி மருத்துவமனைக்கும் அது போகிறது. ஒரு விபத்தின் பேரில் நாலு துறையும் எழுத வேண்டும். ஆக, சாலையைப் பற்றி எழுத ஒரு கட்டம் பிறந்திருக்கிறது. பொறியாளர் அதை நிரப்பும்போது தன் துறைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்பது வேறு சங்கடம். சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறி அதனால் உயிர் போனாலோ ஊனமானாலோ ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 198ஏ பிரிவு 2019இலேயே வந்துவிட்டது. ஆனால் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று தொடங்கும் வழக்கில் 198ஏ எந்த வழியாக உள்ளே வரும்? மருத்துவர் சங்கத்திலிருந்து ஒருவர் கோர்ட்டுக்குப் போனார், வக்கீல் போனார். பொறியாளர் சங்கங்கள் மட்டும் இந்த விஷயத்தில் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

கோவையில் ‘உயிர்’ அமைப்பு இன்னும் நெருக்கமான கூட்டுறவை முயன்று பார்க்கிறது. மருத்துவர்களும் தொழில்துறையினரும் காவல் துறையோடும் நெடுஞ்சாலைத் துறையோடும் மாநகராட்சியோடும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்நகரில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யு-டர்னும் வைத்திருக்கிறார்கள். வண்டியில் போகிறவருக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். நேருக்கு நேர் குறுக்கிடும் மோதலுக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால், சிவப்பு விளக்கு எரியும் அந்த அரை நிமிடம்தான் நடந்து போகிறவருக்கு இருந்த ஒரே பச்சை விளக்கு. வண்டிகள் நிற்காமல் ஓடும் சாலையை, கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக ஒருத்தி எப்போது கடப்பாள்? 2022இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். மேசையில் உட்கார்ந்தவர்கள் நல்லவர்கள்தான், அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் கூட்டத்துக்கு எல்லாரும் காரில் வந்தார்கள்.

மாவட்டக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு டவுன் பஸ் டிரைவர் ஒருவரையும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவரையும் கூப்பிட ஆட்சியருக்குத் தனிச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு கடிதம் போதும். எங்கள் சந்திப்பைப் பற்றி மனு கொடுக்கப் போனபோது, அது ‘பிளாக் ஸ்பாட்’ பட்டியலில் இல்லை என்றார்கள். தேசிய நெடுஞ்சாலையில் அப்படி ஒரு பெயர் கிடைக்க, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ உண்டான ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். டீக்கடைக்காரரிடம் போய் விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினார். கித்தானில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனவர்களில் யார் பிழைத்தார்கள், யார் இல்லை என்பது அவருக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் போன பிறகு யாரும் அவரிடம் திரும்பி வந்து சொன்னதில்லை.