அஞ்ச வேண்டாத வெண்மையும் அசட்டை செய்யலாகாத தேமலும்

நெய்து கொணர்ந்த சேலையைச் சங்கத்தில் ஏற்றுக்கொள்ளுமுன், ஒளிபடும் இடத்தில் விரித்து, இழை அறுந்துள்ளதா, சாயம் திட்டாகியுள்ளதா என்று அங்குலம் அங்குலமாக நோக்குகிறோம். விதைநெல்லை நீரிலிட்டுப் பதர் நீக்கிய பின்னரே நாற்றங்காலில் விதைக்கிறோம். ஆனால், அச்சேலையை நெய்த கையையும், அந்நாற்றை நட்ட காலையும் போர்த்தியிருக்கும் தோலை அவ்வாறு நோக்குவோர் நம்முள் எத்தனை பேர்? இது வைத்தியர் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன அக்கறை என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். உழைப்பவனின் விரலில் உள்ள உணர்ச்சியே அவனுடைய முதல் மூலதனம். அதனைக் காப்பதும் கூட்டுறவின் கடமையே என்பது என் கருத்து.

தோல் மூன்று அடுக்குகளாக அமைந்தது. முதலாவது மேல்தோல். இதன் அடிப்பகுதியில் புதிய செல்கள் தோன்றி மேலெழுந்து, சில வாரங்களில் செதிளாய் உதிர்கின்றன. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருள் உண்டாவதும் இங்கேதான். இரண்டாவது உள்தோல். இரத்தக் குழாய்கள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியவற்றோடு, தொடுதலையும் சூட்டையும் நோவையும் அறிவிக்கும் நரம்பு முனைகள் பலவும் இதில் உள்ளன. அதற்கும் கீழே கொழுப்புப் படலம். கெட்டது நிறமா நரம்பா என்று பிரித்தறிந்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பது விளங்கும்.

வெண்புள்ளியை எடுத்துக்கொள்வோம். நிறத்தை உண்டாக்கும் செல்கள் அழிவதால் அவ்விடம் சுண்ணாம்புபோல் வெளுக்கிறது. இது கிருமியால் வருவதன்று. தொடுவதாலோ உடனிருந்து உண்பதாலோ ஒட்டுவதன்று. வெளுத்த இடத்தில் உணர்ச்சியும் குன்றுவதில்லை. எனினும், ‘வெண்குஷ்டம்’ என்னும் பொருந்தாப் பெயரைச் சூட்டி, அந்த வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்குகிறோம். நோய் செய்யாத தீங்கை நாம் வைத்த பெயர் செய்கிறது.

தேமல் வேறு. தோலில் இயல்பாக வாழும் ஒருவகைப் பூஞ்சை, வியர்வை மிகுந்த காலத்தில் பெருகுவதால் வருவது அது. சுரண்டினால் மெல்லிய பொடி உதிரும். படர்தாமரையும் பூஞ்சையால் வருவதே. வட்டமாய், ஓரம் தடித்து அரிக்கும். இதற்கெனக் கடையில் தாமே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. பூஞ்சை மேலும் பரவ இடந்தரும். விரலிடுக்கில் தோன்றி இரவில் மிகுதியாக அரிக்கும் சிரங்கு, நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது. வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்திட்டாலன்றி மீண்டும் மீண்டும் வரும். சாயமும் பூச்சிமருந்தும் பார்த்தீனியச் செடியும் சிலர் தோலைப் புண்ணாக்குவதுண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் அரிப்பாலோ எரிச்சலாலோ தம்மை அறிவித்துவிடும்.

அரிக்காமலும் நோகாமலும் கிடப்பதே நாம் அசட்டை செய்யலாகாதது. சற்றே வெளிறியோ சிவந்தோ, வியர்வையின்றி, மயிர் குன்றி, உணர்ச்சி குறைந்து காணும் படை தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். ‘தேமல்தானே’ என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான். 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த இந்நோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவது. முழங்கையருகே செல்லும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்கும். வேலூரில் 1940-களின் பிற்பகுதியில் இந்நோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், நோவறியாமல் நேரும் காயங்களாலேயே விரல்கள் பெரிதும் அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். அறுந்த இழையைத் தடவியறிந்து முடிய வேண்டிய விரல் மரத்துப்போனால், தறியிருந்தும் பயன் என்ன?

உலக சுகாதார நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயைக் குணப்படுத்துகிறது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உண்டால் போதும். அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு; மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவதும் விரைவில் நின்றுவிடும். ஆனால், நெடுநாள் மரத்துப்போன நரம்பை மருந்து மீட்டுத்தருவது அரிது. ஆகவே, காலந்தாழ்த்தாமையே முக்கியம். 2023-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்பதை மறவாதிருப்போம்.

ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, அங்கத்தினர் குடும்பங்கள் அனைத்துக்கும் தோல் பரிசோதனை நடத்த வேண்டும். ‘ஊரறிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே’ என்னும் அச்சம் பொய்யன்று. அதனாலேயே சிலரை மட்டும் தனித்து அழையாமல், தலைவர் முதல் கடைசி அங்கத்தினர் வரை யாவரையும் மறைவிடத்தில் பரிசோதித்தல் வேண்டும். தொழுநோயைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கோரும் வழியை 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே அகற்றிவிட்டது. சட்டம் கைவிட்ட பேதத்தை நாம் மனத்தில் வைத்திருக்கலாமா? தோலில் கண்ட குறி எதன்பொருட்டும் எவருக்கும் நூலோ கடனோ வேலையோ மறுக்கப்படாது என்று பொதுமகாசபையில் தீர்மானமும் நிறைவேற்றுவோம்.

அதுவரை, வீட்டிலேயே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கண்ணை மூடச்செய்து, ஐயத்துக்கிடமான படையை ஒரு நூல் முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டச்சொல்லுங்கள். சுட்ட இயலாவிட்டால் மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள். சுட்டினாலும் ஐயம் தீராவிடின் அவரையே கேளுங்கள். நம் கையில் நூலுக்குப் பஞ்சமில்லை; நோக்கும் அக்கறைதான் வேண்டும்.