பீரோ மேல் கிடந்த உலகம்

குருவிகுளம் வட்டாரத்துப் பள்ளிகளில் சமூக அறிவியல் எடுக்கும் நாங்கள், உலக வரலாற்றுப் பாடங்களை வருஷா வருஷம் முடித்திருக்கிறோமே தவிர நடத்தியதில்லை. அரையாண்டுக்குள் போர்ஷன் முடிய வேண்டும் என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

பத்தாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே முதல் உலகப்போர். ஜூன் மாதம் புதுப் புத்தக வாசனையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நாங்கள் செய்ததெல்லாம், புக் பேக் கேள்விகளுக்கு விடையை அடிக்கோடிடச் சொன்னதுதான். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியல் கொடுத்தோம். காலக்கோட்டுக்கு ஐந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தோம். உலக வரைபடச் சுருள் பீரோ மேல் தூசியோடு கிடந்தது. எங்கள் பிள்ளைகள் பிரான்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலே பிரெஞ்சுப் புரட்சிக்கு முழு மதிப்பெண் வாங்கினார்கள். அதைத் தேர்ச்சி என்று நாங்களும் நம்பினோம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "ரொட்டி வெல ஏறுனதுக்கு ஏன் சார் ராஜாவக் கொல்லணும்?" என்று கேட்டாள். அதைவிட நல்ல கேள்வியை எந்த வினாத்தாளும் எங்களிடம் கேட்டதில்லை. "காரணங்கள்னு அஞ்சு பாயிண்ட் இருக்கு, அதப் படி" என்று உட்கார வைத்தோம். 1788இல் விளைச்சல் பொய்த்ததையும், வரிச் சுமை குடியானவன் தலையில் ஏறப் பிரபுக்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டதையும், 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்தே போனதையும் சொல்லியிருந்தால், 1793 ஜனவரியில் அரசன் தலை விழுந்தது அவளுக்கு விளங்கியிருக்கும். கிஸ்தி என்ற சொல் கட்டபொம்மன் சினிமா வசனத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

கோவில்பட்டி தாண்டினால் கயத்தாறு. கட்டபொம்மனை அங்கே தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அதற்கு 24 நாள் கழித்து, நவம்பர் 9இல், பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். முந்தைய ஆண்டு அவர் எகிப்தில் இறங்கியதில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி பதறியது. அவர் திப்புவோடு கைகோத்துவிடுவார் என்ற பயம். 1799 மே மாதம் திப்பு வீழ்ந்த பிறகுதான் தெற்கே முழு மூச்சாகத் திரும்பக் கம்பெனிக்குப் படை மிஞ்சியது. இவை நாங்கள் நடத்திய பாடங்களில்தான் இருந்தன, வெவ்வேறு பாடங்களாக. அந்த இரண்டு தேதிகளையும் ஒரே கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுத எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்கள் பெரிய குற்றம் பருத்தியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் நிற்பதே கரிசல் மண்ணில். பருத்தி எடுக்கப் போகிற அம்மாவின் விரலைக் காய்ந்த காய்த்தோடு கீறுவதை எங்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் அமெரிக்க அடிமைகளின் பருத்திக் காட்டைப் பற்றி ஒரு வரி வாசித்துவிட்டு நகர்ந்தோம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, வடக்கின் கப்பற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்ததும், லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் நின்றன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அப்போது இந்தியப் பருத்திக்கு விலை பறந்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி 'டின்னவேலி' என்ற பெயரோடு தூத்துக்குடியில் கப்பலேறியது. 1865இல் போர் ஓய்ந்ததும் விலையும் சரிந்தது. ஏதோ ஒரு நாட்டில் போர் நின்றால் இங்கே சம்சாரி ஏன் கடனாளியாக வேண்டும்? இதை யோசிக்கும் பிள்ளைக்குத் தொழிற்புரட்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களோடு நின்ற வேலைநிறுத்தமும் அவளுக்குத் தனிக்கதையாகத் தெரியாது.

காலிப் பணியிடம், தேர்தல் வேலை, ஓயாத புள்ளிவிவரப் படிவம் எல்லாம் உண்மைதான். ஆனால் பயிற்சி நாட்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தவர்களும் நாங்களே. கிளை நூலகத்தில் வரலாற்று அலமாரிப் பக்கம் போகாதவர்களும் நாங்களே. பிள்ளைகளுக்கு எட்டாது என்று நாங்கள் சொன்ன விஷயங்கள் பலவற்றை நாங்கள்தான் படித்திருக்கவில்லை.

இந்த வருஷம் வரைபடத்தைத் தூசி தட்டி ஆணியில் மாட்டினோம். தூத்துக்குடியிலிருந்து லிவர்பூலுக்கு ஒரு நூலைப் பிடிக்கச் சொன்னோம், ஆப்பிரிக்காவைச் சுற்றி. "ஏஞ் சார் இம்புட்டுச் சுத்திப் போகணும்? இங்கிட்டு வழி இருக்கே" என்று பின்பெஞ்சுப் பையன் சூயஸைத் தொட்டான். அந்தக் கால்வாய் திறந்தது 1869இல்தான், அதற்குள் அமெரிக்கப் போரே முடிந்துவிட்டது என்றோம். "அத யாரு சார் வெட்டுனா?" என்றான். மறுநாள் படித்துவிட்டு வந்து சொன்னோம்: முதல் சில ஆண்டுகள், கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட எகிப்துக் குடியானவர்கள்.