ஆசான் அகன்றபின் எஞ்சுவது

விழா மலர்களிலே ஆசிரியர்களைப் புகழ்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கம் நன்றே. நன்றி மறவாமை நம் முன்னோர் நமக்குப் புகட்டிய முதற்பாடமன்றோ? ஆயினும், ஓர் ஆசானின் தொண்டினை எக்கோல் கொண்டு அளத்தல் வேண்டும் என்பதை நாம் ஆறவிருந்து சிந்திப்பது அரிது. வென்ற கேடயங்களை எண்ணுகிறோம். சித்தியெய்தினோர் தொகையை எண்ணுகிறோம். சேவையாற்றிய ஆண்டுகளை எண்ணுகிறோம். இவை யாவும் எண்ணத்தக்கனவே. எனினும், ஆசான் அகன்றபின் அவன் விட்டுச்சென்றது யாது என்னும் வினாவே மெய்யான அளவுகோல் என்பது எமது துணிபு.

நம் ஆசான்மாரை இவ்வாறு அளந்து பார்ப்பது நமக்கு எளிதன்று. அன்பு குறுக்கே நிற்கும். ஆதலின், நம்மோடு யாதொரு தொடர்புமில்லாத ஒருவரிடத்தே இக்கோலை வைத்துப் பார்ப்போம். அவர் ஐக்கிய அமெரிக்காவிலே, வட கரோலினாப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணியைத் தோற்றுவித்து, நாற்பத்தைந்து பருவங்கள் பயிற்றிய அன்சன் டொரன்ஸ் என்பவர்.

எண்ணெய்க் கம்பனியொன்றிலே கடமையாற்றிய அமெரிக்கர் ஒருவரின் மைந்தராக 1951 ஆம் ஆண்டிலே பம்பாயிற் பிறந்த இவர், இளமையிலே பல நாடுகளில் வளர்ந்தார். வட கரோலினாவிற் கற்று, அங்கு ஆண்கள் அணியிலே ஆடி, 1974 இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்றுகொண்டிருந்த காலத்திலே, 1977 இல், அதே ஆண்கள் அணிக்குப் பயிற்றுநரானார். அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களிலே ஆண் பெண் என்ற வேற்றுமை பாராட்டலாகாது என்னும் சட்டம் 1972 இல் அந்நாட்டில் நிறைவேறியிருந்தது. அச்சட்டம் திறந்த வாயிலூடாகப் பெண்கள் மைதானத்துக்கு வரத் தொடங்கினர். வட கரோலினாவிலே தமக்குள் ஒரு கழகமாகக் கூடி ஆடிவந்த மாணவியர், தம்மைப் பல்கலைக்கழக அணியாக ஏற்றல் வேண்டுமென விண்ணப்பித்தனர். அவர்தம் ஆட்டத்தைப் பார்த்து அபிப்பிராயம் கூறுமாறு டொரன்ஸ் பணிக்கப்பட்டார். பார்த்தவர் மனம் நிறைந்தார். 1979 இல் அணி உருவாயிற்று. அதன் பயிற்றுநர் பொறுப்பும் அவரையே சார்ந்தது. 1988 வரை இரண்டு அணிகளையும் அவரே நடத்தினார்.

வெற்றிகளின் கணக்கைக் கூறின் மிகையென்று தோன்றும், ஆயினும் மெய்யே. பெண்களுக்கான தேசிய வாகை 1981 இலும், கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் வாகை 1982 தொடக்கம் மூன்றாண்டுகளும் அவர் அணிக்கே கிட்டின. 1985 இல் இறுதியாட்டத்திலே தோல்வி நேர்ந்தது. அதன்பின் 1986 முதல் 1994 வரை ஒன்பதாண்டுகள் இடையறாது வென்றனர். ஒரு காலத்தே தொடர்ந்து 101 ஆட்டங்களில் அவ்வணி தோல்வியே காணவில்லை. 2012 வரையில் அவர் பெற்ற தேசிய வாகைகள் 22. 1986 முதல் 1994 வரை நாட்டின் பெண்கள் அணிக்கும் அவரே பயிற்றுநர். 1991 இல் சீனாவிலே நிகழ்ந்த பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்திலே, அவ்வணி நோர்வேயை இரண்டுக்கு ஒன்று என வென்றது. மியா ஹாம், கிறிஸ்ரீன் லில்லி, ஏப்ரல் ஹைன்றிக்ஸ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

இவ்வெற்றிகளுக்கு மூலம் யாது? ஒன்று, ஒழுங்காகக் குறித்துவைத்தல். அதே பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநரான டீன் சிமித், பயிற்சியிலே நிகழ்வன யாவற்றையும் எழுதிவைக்கச் செய்ததைக் கண்டு, டொரன்சும் அம்முறையைக் கைக்கொண்டார். ஒருவரோடொருவர் பொருதும் ஆட்டம், ஓட்டம், பந்தடி என ஒவ்வொரு பயிற்சியிலும் வென்றார் தோற்றார் விபரம் பதியப்பட்டு, வரிசைப்படி யாவரும் காண வெளியிடப்பட்டது. தோழியை வெல்ல முயல்வது தோழமைக்குக் குறைவன்று என்பதை அம்மாணவியர் நாள்தோறும் கற்றனர்.

மற்றொன்று, அணுக்கம். அதிகாரக் குரலால் மட்டும் ஓர் அணியை நடத்தமுடியாது, அன்புடைமையாலேயே நடத்தல் வேண்டும் என்பதைப் பெண்களைப் பயிற்றியே தாம் கற்றதாக அவர் பல தடவை கூறியிருக்கின்றார். விடைபெறும் மாணவியர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். காலை வேளையொன்றில் மியா ஹாம் தனியே ஓடிப் பயில்வதைத் தற்செயலாகக் கண்டு, கண்டதைச் சிறு குறிப்பாக எழுதி அவருக்கு அனுப்பினார். அணியின் ஒழுக்க நெறிகள் ஒவ்வொன்றுக்கும் இலக்கியப் பகுதியொன்றைத் தெரிந்து, அதனை மனனஞ் செய்வித்தார். திண்ணைப் பள்ளியிலே நீதிநூல்களை மனனஞ் செய்த மரபிலே வந்த நமக்கு இது புதுமையன்று.

இவ்வளவோடு நிறுத்தின் அது புகழ்மாலையாகும், வரலாறாகாது. அவரிடம் பயின்ற மாணவியர் இருவர், மாணவியரின் அந்தரங்க வாழ்வு பற்றி அவர் தகாதவாறு பேசினார் என 1998 இல் வழக்குத் தொடுத்தனர். ஒருவர் வழக்கு 2004 இலும், மற்றவர் வழக்கு 2008 இலும் சமரசமாக முடிந்தன. துன்புறுத்தினார் என்னும் குற்றச்சாட்டை அவர் ஏற்றிலர். ஆயினும் அத்தகைய பேச்சுக்களிலே தாம் கலந்துகொண்டது தவறென ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். கேடயங்களின் ஒளியிலே இதனை மறைத்துவிடுதல் அம்மாணவியருக்கும் நீதியன்று. இனிவரும் ஆசிரியருக்கும் நன்மையன்று. எந்த அணுக்கம் அவருக்குப் பெருமை தேடிற்றோ, அவ்வணுக்கமே எல்லை கடந்தவிடத்து இழுக்கையும் தேடிற்று. ஆசான் சொல்லும் நற்சொல் மாணவர் நெஞ்சிலே ஆயுள்வரை நிற்கும். அவ்வாறே அவன் வாய்தவறிச் சொல்லும் சொல்லும் நிற்கும். அவன் விட்டுச்செல்வனவற்றுள் இரண்டும் அடங்கும்.

2012 இன் பின்னர் அவர் வாகை சூடவில்லை. 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளிலே இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், ஓய்வுபெற்றார். துணைப் பயிற்றுநராயிருந்த டேமன் நாஹாஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். தலைவனை இழந்த அணி தளரும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டு மார்கழியிலே, வேக் பொறஸ்ற் அணியை ஒன்றுக்குப் பூச்சியம் என வென்று, பன்னிரண்டாண்டுகள் கைக்கெட்டாதிருந்த வாகையை அவர்கள் மீட்டனர்.

இதனைச் சிலர் டொரன்சுக்குக் குறைவெனக் கொள்ளலாம்: அவர் போனதும் வெற்றி வந்தது என்பர். நாம் அவ்வாறு கொள்ளோம். புதியவரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பவருமல்லேம். எனினும் அம்மாணவியரிற் பலரைத் தெரிந்தெடுத்தவர் யார்? துணைவரை அருகில் வைத்து வளர்த்தவர் யார்? தானின்றி ஒன்றும் நடவாது என்னும் நிலையை ஏற்படுத்திச் செல்பவன், தனக்குப் பெருமை தேடினானேயன்றி நிலையத்துக்குத் தொண்டு செய்தானல்லன். தானின்றியும் நடக்குமாறு செய்து செல்பவனே ஆசான்.

இனி நம் கல்லூரியை நோக்குவோம். மைதானத்திலே வெயிலும் மழையும் பாராது நின்ற ஆசான்மாரை நாம் அறிவோம். அவர்கள் இளைப்பாறியதும் அவ்வவ் விளையாட்டு ஒளிமங்கிப் போனதையும் அறிவோம். அவர்கள் அறிந்தவை அவர்களோடு போயின. எழுதிவைத்தாரில்லை, எழுதிவைக்குமாறு நாமும் கேட்டிலேம். ஒவ்வோர் அணிக்கும் பயிற்சிக் குறிப்பேடு ஒன்று பேணப்படுதல் வேண்டும். மூத்த பயிற்றுநர் அருகே இளையர் ஒருவர் எப்பொழுதும் பயிலுதல் வேண்டும். ஆசிரியர் மாணவர் அணுக்கத்துக்கு எல்லை யாது என்பதைத் தவறு நேருமுன்னரே நிருவாகம் வகுத்தல் வேண்டும். மாணவர் முறையிட அஞ்சாத வழியும் வேண்டும். பழைய மாணவர் சங்கம் கேடயங்களுக்குச் செலவிடும் பணத்திலே ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்குமாயின், அதுவே இவ்விழாவின் நிலையான நினைவுச் சின்னமாகும்.

அடுத்த விழா மலரை எழுதுவோர், நம் ஆசான்மார் வென்றவற்றை மட்டுமன்றி, அவர்கள் அகன்றபின் நின்றவற்றையும் எழுதும் பேறு பெறுவாராக. அதற்கு இறைவன் திருவருள் முன்னிற்பதாக.