கரன்ட் போனால் உங்க பாட்டு என்ன ஆகும்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அதற்குள் ஹெட்போனில் ஒரே பாட்டை நான்கு முறை கேட்டுவிட்டான் பேரன். அது அவனும் காலேஜ் நண்பர்களும் மாடி அறையில் வாசித்து, செல்போனில் பதிவு செய்த பாட்டு. அடுத்து ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். ஆறு பாட்டுகளை ராக் ஆல்பமாகப் போட வேண்டும். பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. பாக்கி இருப்பது தாத்தாவின் சம்மதம்தான். ஏனென்றால், ஆறில் மூன்று பழைய கீர்த்தனைகள். தாத்தா நாற்பது வருடமாக கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடி வருபவை.

தாத்தா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"என்ன தாத்தா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"கிட்டார் கேக்குது, டிரம் கேக்குது. பாட்டு எங்கடா இருக்கு?"

"ராக்னா இப்படித்தான் தாத்தா."

"கோயில்ல இப்படித் தட்டுனா, முன்னாடி உக்காந்திருக்க பாட்டிமார் எல்லாம் எந்திரிச்சுப் போயிருவாங்க."

இந்தப் பேச்சு நடந்தது அந்த ஒரு வீட்டில் மட்டுமல்ல. கிறிஸ்தவ ராக் என்ற இசையே இந்தச் சண்டைக்கு நடுவில் வளர்ந்ததுதான்.

பிசாசின் பெயரில் ஓர் ஆல்பம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1983-ல் உருவானது 'ஸ்ட்ரைப்பர்' என்ற நால்வர் குழு. பாடகர் மைக்கேல் ஸ்வீட்டும் டிரம்மர் ராபர்ட் ஸ்வீட்டும் அண்ணன் தம்பி. நீண்ட முடி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடை, அலறும் கிட்டார். பாட்டு மட்டும் இயேசுவைப் பற்றி! அந்தப் பட்டைகள்கூட, ஏசாயா 53:5-ல் வரும் தழும்புகளைக் குறிப்பவை. கச்சேரி நடுவே ரசிகர்களை நோக்கிப் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசுவார்கள்.

1986-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் 'டு ஹெல் வித் த டெவில்'. பிசாசு நரகத்துக்கே போகட்டும் என்று அர்த்தம். தலைப்பைப் பார்த்தே பலர் முகம் சுளித்தார்கள். தேவதூதர்கள் பிசாசைத் தீயில் தள்ளுவதுபோல் இருந்த அட்டைப்படத்துக்கும் எதிர்ப்பு வர, அதை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு அட்டை போட்டார்கள். போதகர்களில் சிலர் 'இது பிசாசின் இசை' என்றார்கள். ராக் ரசிகர்களில் சிலர் 'இவர்கள் பிரசங்கம் பண்ணுகிறார்கள்' என்றார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அந்த ஆல்பம், அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆல்பத்திலிருந்து பில்போர்டு பட்டியலில் 23-ம் இடம் வரை ஏறிய பாட்டு 'ஹானஸ்ட்லி'. அது அலறல் பாட்டு இல்லை. மெதுவாக, யாரும் கூடவே பாடக்கூடிய மெட்டு.

கீர்த்தனையும் ஒருநாள் புதுசுதான்

பேரன் இதையெல்லாம் சொல்ல, தாத்தா சிரித்தார். "அமெரிக்காவுக்கு ஏன்டா போற? நம்ம சாஸ்திரியார் என்ன பண்ணாராம்?"

வேதநாயக சாஸ்திரியார், 1774-ல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் படித்தவர். சரபோஜி மன்னரோடு பழகியவர். அன்று தமிழ்ச் சபைகளில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, அதே மெட்டில் பாடிவந்தார்கள். சாஸ்திரியாரோ, நம் ராகங்களிலும் தாளங்களிலும் பாடல்களைக் கட்டினார். 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்றால் குறத்தி வந்து குறி சொல்லும் நாடகம். குற்றாலத்துப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டமும் பாட்டுமாக இருந்த அந்த வடிவத்தில் கிறிஸ்துவைப் பாடினார் அவர். இன்றைய ராக் ஆல்பத்துக்குக் கொஞ்சமும் குறையாத துணிச்சல் அது! 1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டார். பிறகு அவை சபைக்குச் சபை பரவின.

தாத்தாவின் ஆர்மோனியம் மட்டும் என்னவாம்? ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதானே! 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது. 1971-ல்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. இன்று ஆர்மோனியத்தை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

"அப்ப, ராக்குக்கு ஓகேவா தாத்தா?"

"தட்டுறதுல எனக்கு வருத்தம் இல்லப்பா. கரன்ட் போச்சுன்னு வச்சுக்க. உங்க பாட்டு என்ன ஆகும்?"

தாத்தாவின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பி வருவார்கள். பாட்டுப் புத்தகம் இல்லாதவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரண்டாவது தடவையில் சேர்ந்துகொள்ளலாம். ஸ்டூடியோவில் டிரம், பேஸ், கிட்டார், குரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு மிக்ஸ் செய்வார்கள். பாடகரின் குரலுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சுருதியை ஏற்றிவிட்டால், கேட்பவர் கேட்கலாமே தவிர கூடப் பாட முடியாது.

"எழுதினவங்க பேரு போட்டீங்களா?" அடுத்த கேள்வி.

பேரன் விழித்தான். அவன் லிஸ்ட்டில் மூன்று கீர்த்தனைகளுக்கும் 'பழைய பாட்டு' என்று மட்டும்தான் இருந்தது.

ஆல்பம் போட நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி, பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. சாஸ்திரியார் இறந்தது 1864-ல். அவர் பாடல்களை யார் வேண்டுமானாலும் புதிதாக இசையமைத்துப் பாடலாம். ஆனால், வேறொருவர் வெளியிட்ட பதிவிலிருந்து இசையை வெட்டி ஒட்டக் கூடாது. அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இப்போது இருப்பவர்களின் பாட்டு என்றால், அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஸ்டூடியோவுக்கே போக வேண்டும். உரிமைக் காலம் முடிந்திருந்தாலும் எழுதியவர் பெயரைப் போடுவதுதான் மரியாதை.

தாத்தா ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "இப்பப் பாடு."

பேரன் தன் ராக் மெட்டிலேயே ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் தாத்தாவின் குரல் மேலே ஏற முடியாமல் உடைந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். பேரனுக்கு அப்போதுதான் புரிந்தது. சுருதியை இரண்டு கட்டை இறக்கி, மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை தாத்தா கடைசி வரை வந்தார். மூன்றாவது தடவை பல்லவி வந்தபோது, அடுப்படியிலிருந்து பாட்டியின் குரலும் சேர்ந்தது.

"மெட்டு நல்லாத்தான்டா இருக்கு" என்றார் தாத்தா.

மார்கழியில் விடிவதற்கு முன்பே திருப்பாவை கேட்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 30 பாசுரங்களையும் பாடிய ஆண்டாளின் ஊர். ரெக்கார்டிங் எதுவும் இல்லாத நூற்றாண்டுகளை அந்தப் பாட்டு கடந்து வந்தது, வாய் வழியாக. கிறிஸ்துமஸ் கேரல் பாட்டும் அதே மாதத்தில் வீடு வீடாகப் போவது அப்படித்தான்.

திரும்பும் பஸ்ஸில் பேரன் ஹெட்போனை எடுக்கவில்லை. நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு மெசேஜ் போட்டான். ஒன்று, "ரெண்டு கட்டை இறக்குறோம்." இன்னொன்று, "ஆர்மோனியம் வாசிக்க ஆள் கிடைச்சாச்சு."