பேறுகால ஓய்வும் சங்கக் கணக்கும்

தென்காசி வட்டாரத்தில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உற்பத்திப் பதிவேட்டைச் சில காலத்திற்கு முன் நாம் பரிசீலித்துக்கொண்டிருந்தோம். மாதந்தவறாமல் சேலைகளை ஒப்படைத்து வந்த ஒரு தறியின் கணக்கில், ஆனி, ஆடி ஆகிய இரு மாதங்களிலும் உற்பத்தி பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. "குறைவுக்கு விளக்கம் பெறவும்" என்று வழக்கம்போல் குறிப்பு எழுதிவிட்டு வந்தோம். அடுத்த முறை சென்றபோது அந்த நெசவாளியே நேரில் வந்து விளக்கம் அளித்தார். "வீட்டில் பிரசவம், ஐயா" என்றார். அருகிலிருந்த சங்கத் தலைவர், "அதெல்லாம் கணக்கில் வராதப்பா" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அன்று நாமும் அதை நியாயமென்றே எண்ணினோம். பின்னரே முழு விவரமும் தெரிய வந்தது. சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வீட்டை எட்டியதும், பிள்ளை பெற்று இருபது நாள் கூட ஆகாத அந்தத் தாய் இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றத் தொடங்கியிருக்கிறார். ஐந்தாம் நாள் குளிர் சுரம் கண்டது. மருத்துவமனையில் பத்து நாள் இருக்க வேண்டியதாயிற்று. துணைக்குச் சென்ற கணவரின் தறியும் அந்நாட்களில் அடியோடு நின்றது. நம் பேனா எழுதிய ஒரு வரியும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. கணக்கில் வராது என்று தள்ளப்பட்ட அந்தப் பிரசவத்தைக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பதே நாம் அங்கத்தினர்கள் முன் வைக்கும் யோசனை.

கைத்தறி என்பது ஒருவர் செய்யும் தொழிலன்று. ஒரு குடும்பம் செய்யும் தொழில். குழித்தறியில் இறங்கி மிதியை மிதிப்பவர் ஒருவராக இருக்கலாம். நாடாவில் ஓடும் ஊடைக்குத் தார் சுற்றித் தருபவரும், அறுந்த இழையைப் பிணைக்கத் துணை நிற்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பல வீடுகளில் தறியில் அமர்பவர்களும் அவர்கள்தாம். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும், அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் அதிகமானோர் பெண்கள் எனவும் கண்டது. ஆயினும் நம் சங்கங்கள் பலவற்றில் பாஸ் புத்தகம் குடும்பத் தலைவர் பெயரில்தான் இருக்கிறது. தார் சுற்றிய கைக்குப் பேரேட்டில் தனிப்பக்கம் இல்லை. உழைப்பு பதிவாகாத இடத்தில் ஓய்வு மட்டும் எப்படிப் பதிவாகும்?

ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பள விடுமுறை அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு பேறுகளுக்கும் அதனை 26 வாரமாக உயர்த்தியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 26 வாரம் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் முதலாளியும் சம்பளப் பட்டியலும் உள்ள இடத்திலேதான் விடுமுறை என்ற பேச்சு எழும். சொந்த வீட்டில் இராட்டை சுற்றுகிறவருக்கும், அன்றாடக் கூலிக்கு நாற்று நடுகிறவருக்கும், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறவருக்கும் விடுமுறை கொடுப்பவர் யார்?

இந்தக் குறையை ஓரளவு நிரப்புவது நம் மாநிலத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்து, பெண்களுக்காகவும் சிசுக்களுக்காகவும் வாதாடிய அம்மருத்துவரின் பெயரால் இது வழங்குகிறது. 2006இல் ரூ.6,000 ஆக இருந்த உதவி, 2011இல் ரூ.12,000 ஆகவும், 2018இல் ரூ.18,000 ஆகவும் உயர்ந்தது. இந்த ரூ.18,000இல் ரூ.14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரு பேறுகளுக்கும் இது உரியது. கர்ப்பம் உறுதியானவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளாதவர்கள், பின்னர் தவணைக்காக அலைய நேரிடும். இந்தச் செய்தியைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி, ஓய்வு எதற்காக என்று பார்ப்போம். பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உடம்பு அப்படி எண்ணுவதில்லை. விரிந்த கருப்பை தன் பழைய அளவுக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். தளர்ந்த மூட்டுகளும் வயிற்றுத் தசைகளும் உறுதிபெற மேலும் சில மாதங்கள் வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உள்ளவர்கள். பிரசவங்களில் நூற்றுக்கு 45 வயிற்றை அறுத்துச் செய்யப்பட்டவை. வயிற்றில் ஆறாத தையலோடு தண்ணீர்க் குடம் சுமப்பதும், தறியில் மிதி மிதிப்பதும், சேற்றில் குனிந்து நடவு நடுவதும் என்ன விளைவைத் தரும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பதினாறு நாள், நாற்பது நாள் என்று கணக்கு வைத்துத் தாயை வீட்டில் இருத்தினார்கள். உளுந்தங்களியைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிக் கொடுத்தார்கள். வெந்நீர் வைத்து வேது பிடித்தார்கள். இவற்றின் உட்பொருள் ஓய்வும் உணவும் அரவணைப்புமே. அவற்றைப் போற்றுவோம். அதே வேளையில், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த சில வழக்கங்களை விட்டுவிடுவதும் அறிவுடைமையாகும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பது வேண்டா. முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுப்பதும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடாதிருப்பதும் நல்லவை. தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் தீங்கானது. பால் கொடுப்பவருக்குத் தாகம் மிகுதி. பத்தியம் என்ற பெயரில் கீரையையும் காய்கனியையும் விலக்குவதும் தவறே. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஊரூராகப் போகிறது. நம் வீட்டுப் பேறுகாலத் தாய்க்கு மட்டும் அது சீதளம் என்கிறோம். இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையின் புளிப்பு உதவுகிறது என்பதே உண்மை. கர்ப்ப காலத்தில் 180 நாளும், பேற்றுக்குப்பின் 180 நாளும் நாளுக்கொன்றாக உண்ண வேண்டிய இரும்புச் சத்து மாத்திரை, பிள்ளை பிறந்த மறுநாளே அலமாரிக்குப் போய்விடுவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

நம் வட்டாரத்திற்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்கள் வெளியூராருக்குத் திருவிழா. அருவியைத் தேடி ஊரே திரண்டு வரும் அதே நாட்களில், நெசவாளர் வீட்டில் பாவு காயாது, விறகு எரியாது, துணி உலராது. பேறுகாலத்தில் பயன்படுத்தும் துணி ஈரமாகவே இருந்தால் நோய்க்கிருமி தங்கும். வெயில் கிடைக்காத நாளில் இஸ்திரி போட்டு உலர்த்துவது ஒரு நல்ல உபாயம். வயல்புறத்திலோ அப்போதுதான் கார் நடவு. கூலி கிடைக்கும் காலம் குறுகியது என்பதால், கைக்குழந்தையை வரப்பில் தொட்டிலிட்டுவிட்டு நடவுக்கு இறங்கும் தாய்மாரை ஆண்டுதோறும் காண்கிறோம். பேராசை என்று அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு போகக் கூலியை இழந்தால் மறுபோகம் வரை கடன் என்பது அவர்கள் கணக்கு.

சில அறிகுறிகளைக் கணவன்மாரும் மாமியார்மாரும் மனத்தில் இருத்த வேண்டும். மிகுதியான இரத்தப் போக்கு, சுரம், துர்நாற்றமுள்ள கசிவு, விடாத தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் கை மருந்து பார்த்துக் காத்திராமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு பிள்ளை பிறந்த பிறகும் வரக்கூடும். இன்னொன்று, மனச்சோர்வு. முதல் சில நாட்களின் காரணமற்ற அழுகை தானே அகன்றுவிடும். இரண்டு வாரத்திற்கு மேலும் உறக்கமின்றி, குழந்தையிடம் ஒட்டுதலின்றி ஒரு தாய் வாடுவாரானால் அது நோய். காற்றுக் கருப்பு என்று மந்திரித்துவிட்டு இருக்கலாகாது. உலகளவில் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு இத்தகைய மனநலக் குறை நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

"எங்கள் பாட்டி களத்து மேட்டில் பிள்ளை பெற்று, மறுநாளே கதிர் அறுக்கப் போனாள்" என்று பெருமை பேசும் அன்பர்கள் உண்டு. உயிர் பிழைத்த பாட்டியின் கதைதான் நமக்குக் கிட்டியது. பிழையாதவரின் கதையைச் சொல்லப் பேரன்மார் இல்லை. 2018-20ஆம் ஆண்டுகளில் லட்சம் பிரசவத்திற்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். பாட்டிகளின் மனஉறுதி மட்டும் நம் மாநிலத்தை இந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. செவிலியரும் மருத்துவமனையும் முறையான கவனிப்புமே கொண்டுவந்தன. ஆயினும் மருத்துவமனை வாசல் வரை அரசு வரும். அங்கிருந்து வீடு திரும்பிய பின் வரும் ஆறு வாரங்களைக் காப்பது ஊரின் பொறுப்பு; ஊரில் சங்கம் இருக்குமானால் சங்கத்தின் பொறுப்பு.

ஆகவே நாம் நான்கு யோசனைகளைக் கூற விரும்புகிறோம். முதலாவது, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் பன்னிரண்டு வாரமும் அந்தத் தறியின் உற்பத்திக் குறைவைக் குறைவாகக் கொள்ளாமல், "பேறுகால ஓய்வு" என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நூல் வழங்குவதை நிறுத்தலாகாது; துணைவிதி இடந்தருமளவில் கடன் தவணையைத் தள்ளிப் போடலாம். இரண்டாவது, தார் சுற்றும் பெண்களைத் தனி அங்கத்தினராகச் சேர்த்து, அவர்கள் கூலியை அவர்கள் பெயரிலேயே வரவு வைக்க வேண்டும். 1844இல் ராச்டேல் நகரில் தொழிலாளர்கள் கூடி அமைத்த சங்கமே பெண்களை அங்கத்தினராக ஏற்றது; நாம் இன்னும் தயங்குவது அழகன்று.

மூன்றாவது, பேறுகால நிதி. நூறு தறியுள்ள ஒரு சங்கத்தை உதாரணமாகக் கொள்வோம். தறிக்கு மாதம் ரூ.20 பிடித்தால் ஆண்டுக்கு ரூ.24,000 சேரும். அவ்வாண்டில் ஆறு பேறுகள் நிகழ்ந்தால் ஆளுக்கு ரூ.4,000 கொடுக்கலாம். பெருந்தொகையன்று, ஆனால் அந்த ஆறு வாரத்திற்கு அடுத்த வீட்டாரைக் கூலிக்கு அமர்த்தித் தார் சுற்ற வைக்க அது உதவும். லாபம் காணும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்தும் ஒரு பங்கு சேர்க்கலாம். ஆமதாபாத்தில் ஏழைப் பெண்கள் 1974இல் தங்களுக்கென்றே சேவா கூட்டுறவு வங்கியைத் தொடங்கியபோது, பத்து ரூபாயும் இருபது ரூபாயும் சேமித்தவர்களை நம்பியே தொடங்கினார்கள் என்பதை மறவாதிருப்போம்.

நான்காவது, பணமே தேவையில்லாத ஒன்று. ஒரு வீட்டில் பேறு என்றால், தெருவிலுள்ள மற்ற வீட்டார் முறை வைத்து ஒரு நாள் தார் சுற்றிக் கொடுக்கட்டும். விவசாயச் சங்கத்தார் முறை வைத்து அவர்கள் துண்டு நிலத்தில் நடவை முடித்துக் கொடுக்கட்டும். நாளை அவர்கள் வீட்டில் பேறு வரும்போது இன்று உதவி பெற்றவர் வந்து நிற்பார். கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிட வேறென்ன பொருள்?

இந்த யோசனைகளை அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்திற்கு வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். இதில் அவர்கள் வாக்கே முதன்மையானது. நம்மைப் பொறுத்தவரை, உற்பத்தி குறைந்த தறியைப் பதிவேட்டில் காணும்போது, விளக்கம் கேட்டு எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வருவது என்று தீர்மானித்திருக்கிறோம்.